நிழல் ஏன் ஒரு மணிக்கு காலடிக்கு வருது? சும்மா தோணுற கேள்விய விடாம புடிச்சுக்கிட்டு போறது எப்படி

சிங்கப்பூர் துவாஸ்ல, கப்பல் கட்டுற ஒரு ஷிப்யார்டுல தான் எனக்கு வேலை. போன மார்ச் மாசம் சாப்பாட்டு நேரத்துல, ஊர்லேருந்து புதுசா வந்த தம்பி ஒருத்தன், புதுக்கோட்டை பக்கம், வெயில்ல நின்னு தன்னோட நிழலையே குனிஞ்சு பாத்துட்டு இருந்தான். என்னடா பண்றன்னு கேட்டா, "அண்ணே, எங்க ஊர்ல பன்னெண்டு மணி சங்கு ஊதி கொஞ்ச நேரத்துல நிழல் சுருங்கி காலடிக்கு வந்துரும், இங்க மணி ஒண்ணாகப் போகுது இன்னும் சாஞ்சே கெடக்குதேண்ணே"ன்னான். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தா மக ஹோம்வொர்க்க வச்சுக்கிட்டு, "அப்பா, ஆஃப்டர்நூன்னா நூனுக்கு அப்புறம், அது சரி, நூன்னா என்னப்பா?"ங்குறா. ஒரே நாள்ல ரெண்டு பேரு, ரெண்டு கேள்வி. ரெண்டும் ஒரே கேள்வின்னு புரிய எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

இந்த மாதிரி கேள்விங்க எல்லாருக்கும் வரும், எம்ஆர்டி ரயில்ல நிக்கும்போது, கோப்பிக்கடைல டீ ஆறுற நேரத்துல. அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ள மறந்தும் போயிரும். மறக்காம புடிச்சுக்கிட்டு போக நான் பழகி வச்சிருக்குற வழிய இங்க எழுதுறேன்.

மொத வேலை, கேள்விய கேட்ட வாய்மொழியிலயே போன்ல எழுதி வச்சுக்கங்க. "சிங்கப்பூர் நேரம் பத்தி தேடணும்"னு சுருக்கி எழுதிராதீங்க, ரெண்டு நாள் கழிச்சு பாத்தா அதுல உயிரே இருக்காது. "இன்னும் சாஞ்சே கெடக்குதேண்ணே"ன்னு எழுதுங்க, அதுல தான் எத அளக்கணும்குற குறிப்பே இருக்கு.

அடுத்து, கேள்வி சொல்லப் பத்தினதா பொருளப் பத்தினதான்னு பாருங்க. எதுவா இருந்தாலும் இன்னொண்ணையும் சேத்து தேடுங்க. நான் ரொம்ப நம்புற விஷயம் இது. வானத்தப் பத்தின கேள்வில சிக்கிக்கிட்டா சொல்லப் போய் பாருங்க, சொல்லுல சிக்கிக்கிட்டா வானத்த பாருங்க, பாதி நேரம் சாவி அங்க தான் கெடக்கும்.

நூன்னு மக கேட்டதையே எடுத்துக்குவோம். அது லத்தீன்ல நோனா, அதாவது ஒம்பதாவது. ரோமருங்க பகல பன்னெண்டு பங்கா பிரிச்சு சூரியன் எழுந்ததுலேருந்து எண்ணுவாங்க, அப்ப ஒம்பதாவது மணின்னா நம்ம கணக்குல சாயங்காலம் மூணு மணி. ஆமா, நூன்னா மொதல்ல மூணு மணி தான். கிறிஸ்துவ மடங்கள்ல அந்த ஒம்பதாம் மணி பிரார்த்தனைய கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி தள்ளிட்டே வந்தாங்க, 14ஆம் நூற்றாண்டுக்குள்ள இங்கிலீஷ்ல நூன்னா உச்சிவேளைன்னே ஆகிப்போச்சு. சொல்லு அப்படியே நின்னுச்சு, நேரம் நகந்து போச்சு.

இத படிச்சப்ப தான் தம்பி கேட்டது பொறி தட்டுச்சு. இங்கயும் அதே கதை தானே, கடிகாரத்துல பன்னெண்டுங்குறது ஒரு பேரு, சூரியன் தலைக்கு மேல வர்றது வேற ஒரு சங்கதி, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல!

கணக்கு போட்டு பாத்தேன், நீங்களும் போடலாம். பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது, அப்ப ஒரு மணிக்கு 15 டிகிரி. சிங்கப்பூர், உலக நேரத்துக்கு தொடக்கமா வச்சிருக்குற லண்டன் கிரீனிச்லேருந்து கிழக்க ஏறக்குறைய 103.8 டிகிரி, 15ஆல வகுத்தா 6 மணி 55 நிமிஷம் வரும். சூரியன் கணக்குப்படி நாம கிரீனிச்ச விட 7 மணி நேரம் கூட முழுசா முன்னாடி இல்ல, ஆனா கடிகாரம் 8 மணி நேரம் முன்னாடி ஓடுது. 1905ல 7 மணின்னு தான் ஆரம்பிச்சாங்க, 1933ல 20 நிமிஷம் கூட்டி, 1941ல அத அரை மணி ஆக்கி, ஜப்பான்காரன் காலத்துல டோக்கியோ நேரமே 9 மணின்னு வச்சு, போர் முடிஞ்சதும் திரும்ப ஏழரைக்கு வந்து, கடைசியா மலேசியா தன்னோட கிழக்கு மேற்கு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரம்னு முடிவு பண்ணப்ப நாமளும் கூடவே 1982 ஜனவரி 1லேருந்து 8 மணிக்கு மாறிட்டோம். அதனால தான் இங்க வருஷம் பூரா சாயங்காலம் ஏழு மணி வாக்குல இருட்டுது. உச்சிவேளையும் ஒரு மணியை ஒட்டி தான் வருது.

இதுவரைக்கும் எல்லாம் படிச்ச கதை. கையால செஞ்சு பாத்தா தான் அது நம்ம கேள்வி. இதுக்கு ஒரு ருலர், ஒரு வெள்ளை பேப்பர், பேனா போதும். அடுக்குமாடி பிளாக்குக்கு கீழ இருக்குற திறந்த தளம், வாய்ட் டெக்குன்னு சொல்வோமே, அதுக்கு வெளிய வெயில் படுற சமதரையா பாத்து பேப்பர விரிச்சு, காத்துல பறக்காம ஓரத்துல கல்லு வச்சு, 30 செ.மீ. ருலர நட்டுக்குத்தா நிறுத்துங்க. செங்குத்தா நிக்கணும், சாஞ்சா எல்லாம் போச்சு, நான் ஒரு நூல்ல நட்டு கட்டித் தொங்கவிட்டு அதோட ஒட்டி வச்சு பாத்துக்குவேன். பன்னெண்டரைலேருந்து ஒண்ணரை வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலோட நுனில ஒரு புள்ளி, பக்கத்துல மணி. எந்தப் புள்ளி ருலருக்கு ரொம்ப கிட்ட இருக்கோ அது தான் அன்னிக்கு நூன். பிப்ரவரி நடுவுல செஞ்சா 1 மணி 19 நிமிஷம் வாக்குல வரும், நவம்பர் மொத வாரம் செஞ்சா 12:48 வாக்குல வரும், மத்த நாளெல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும். பூமி சாஞ்சு சுத்துறதும் அது போற பாதை சரியான வட்டமா இல்லாததும் சேந்து பண்ற வேலை அது.

இன்னொண்ணும் கவனிங்க, நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு. நாம நிலநடுக்கோட்டுக்கு ஒண்ணேகால் டிகிரி சொச்சம் தான் வடக்க இருக்கோம், அதனால ஜூன் கடைசில சூரியன் நமக்கு வடக்க போயிரும், நிழல் தெக்க பாத்து 12 செ.மீ. நீளத்துக்கு விழும், டிசம்பர்ல அது அப்படியே திரும்பி வடக்க பாத்து 14 செ.மீ. கிட்ட விழும். மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 20ஐ ஒட்டியும் சில நாள் நிழலே காணாம போற அளவுக்கு வந்துரும். தம்பிய ஒரு மார்ச் நாள்ல ஒண்ணு பத்துக்கு வெயில்ல நிக்க வச்சேன், நிழல் அவன் பூட்சுக்குள்ளயே அடங்கிருச்சு, குழந்தை மாதிரி காலத் தூக்கித் தூக்கி பாத்தான்.

இப்ப சொல்லு தேடுறதப் பத்தி. இதுல தான் நம்மாளுங்க நெறைய வழுக்கி விழறோம், வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் நம்பி. "எய்ட்டும் எட்டும் ஒண்ணு, பாத்தியா தமிழ்லேருந்து போனது"ன்னு ஒரு மெசேஜ் எனக்கே பல தடவை வந்திருக்கு. தமிழ் மேல இருக்குற பாசம் எனக்கும் இருக்கு, அதனாலயே சொல்றேன், இப்ப இருக்குற உருவத்த பாத்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் பழைய உருவத்த தோண்டி எடுத்து பக்கத்துல பக்கத்துல வைங்க. எய்ட்டுக்கு லத்தீன் சொந்தக்காரன் ஆக்டோ. நம்ம எட்டுக்கு உள்ள இருக்குறது எண், எண்பது எண்ணூறுன்னு சொல்லிப் பாருங்க, அது வெளிய வரும். ஆக்டோ ஒரு பக்கம், எண் ஒரு பக்கம், ஒட்டவே இல்ல. தற்செயலா ஒரே மாதிரி ஒலிக்குது, அவ்ளோதான்.

கேஷ் இன்னும் சிக்கலான கேஸ். நம்ம காசு போர்ச்சுகீசியர் வாய் வழியா இங்கிலீஷுக்கு கேஷ்னு போனது உண்மை தான், ஆனா அந்த கேஷ் இந்தியா சீனா பக்கத்து சின்ன நாணயத்துக்கு வச்ச பேரு. கடைல "கேஷா கார்டா"ன்னு கேக்குறாங்களே அந்த கேஷ் பணப்பெட்டிக்கான பிரெஞ்சு சொல்லுலேருந்து வந்தது. எழுத்து ஒண்ணு, பொறப்பு ரெண்டு. பாதி சரியா இருக்குற கதை முழுசா தப்பான கதைய விட ஆபத்து, ஏன்னா அதோட நிறுத்திருவோம். சந்தேகமே இல்லாததும் இருக்கு. யார்டுல ரிப்பேருக்கு வர்ற கேட்டமரான் நம்ம கட்டுமரம், செரூட் நம்ம சுருட்டு. தமிழ் பக்கம் பாக்க மெட்ராஸ் யூனிவர்சிட்டியோட தமிழ் லெக்சிகன் ஆன்லைன்லயே இருக்கு, இங்கிலீஷ் பக்கம் நல்ல டிக்ஷனரில ஆண்டு வாரியா பழைய உதாரணம் குடுத்திருப்பாங்க, ஆண்டு போடாம கதை மட்டும் சொல்ற இடத்த நம்பாதீங்க.

எனக்கு ரொம்ப புடிச்ச ஒண்ண சொல்றேன், இதுக்கு உங்க வீட்டு சுவர்ல தொங்குற தேக்கா (லிட்டில் இந்தியா) கடை நாள்காட்டியே போதும். சண்டேன்னா ஞாயிறு, மண்டேன்னா திங்கள், சூரியனும் நிலாவும், அது தெரியும். டியூஸ்டேல இருக்குறது பழைய இங்கிலீஷ்காரங்க கும்பிட்ட டியூங்குற போர்க்கடவுள், ரோமர் அந்த நாள மார்ஸ் பேர்ல வச்சிருந்தாங்க, மார்ஸ்னா நம்ம செவ்வாய். வெட்னஸ்டேல அவங்களோட இன்னொரு சாமி வோடன், ரோமர் கணக்குல மெர்க்குரி, புதன். தர்ஸ்டேல தோர், ஜூபிடர், வியாழன். ஃபிரைடேல ஃபிரிக், வீனஸ், வெள்ளி. சாட்டர்டே நேரா சாட்டர்ன், சனி. ஏழும் அச்சு அசலா பொருந்துது. ஆனா ஏன் இந்த வரிசை? வானத்துல இப்படி வரிசையே கெடையாதே?

காலண்டர்ல ஓரை, அதாவது எந்த மணி எந்த கிரகத்துக்குன்னு போட்டிருப்பாங்க பாருங்க. ஒரு நாளோட மொத ஓரை எதுவோ அதோட பேரு தான் அந்த நாளுக்கு. சனிக்கிழமை காலைல மொத மணி சனி ஓரை, அப்புறம் குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், திரும்ப சனி. வானத்துல மெதுவா நகர்றதுலேருந்து வேகமா நகர்றது வரைக்கும் உள்ள வரிசை இது, சனி ஒரு சுத்து வர 29 வருஷத்துக்கு மேல, சந்திரனுக்கு 27 நாள் சொச்சம். இப்ப ஒரு நாளைக்கு 24 ஓரை, ஏழேழா கழிச்சா மிச்சம் மூணு. அதனால அடுத்த நாள் மொத ஓரை மூணு இடம் தள்ளி வரும். சனிலேருந்து மூணு தள்ளுங்க, சூரியன், ஞாயித்துக்கிழமை. அதுலேருந்து மூணு, சந்திரன், திங்கக்கிழமை. அதுலேருந்து மூணு, செவ்வாய். விரல் விட்டு ஏழு நாளும் போய் பாருங்க, நான் மொத தடவை சாப்பாட்டு டேபிள்ல உக்காந்து எண்ணி முடிச்சப்ப மனைவிய எழுப்பிச் சொன்னேன். இங்கிலீஷ் ஹவரும் இந்த ஓரையும் ஒரே கிரேக்க ஹோராவோட பிள்ளைங்க, ஒண்ணு லத்தீன் பிரெஞ்சு வழியா மேற்க போச்சு, ஒண்ணு சமஸ்கிருதம் வழியா நம்ம காலண்டருக்கு வந்துச்சு. சங்கப் பாட்டுல வர்ற ஓரை வேற, அது பொண்ணுங்க விளையாட்டு, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.

பெரிய கேள்விங்க வரும்போது இன்னும் கவனமா இருக்கணும், அங்க சொல்லே நம்மள தப்பான பக்கம் இழுத்துட்டு போகும். பிரபஞ்சம் எப்படி தொடங்குச்சுங்குற கொள்கைக்கு பிக் பேங்னு 1949ல பிபிசி ரேடியோல சொன்னது ஃபிரெட் ஹாயில்ங்குற இங்கிலாந்து வானியல் விஞ்ஞானி, அவரு அந்தக் கொள்கைய ஒத்துக்காதவரு. பேங்னு சொன்னதும் நமக்கு எங்கயோ ஒரு குண்டு வெடிச்ச படம் வருது, தமிழ்ல பெருவெடிப்புன்னு வச்சதும் அதே படம். உடனே "எந்த எடத்துல வெடிச்சுச்சு, அதுக்கு வெளிய என்ன இருந்துச்சு"ன்னு கேக்குறோம். உண்மையில விரியிறது இடமே தான், நடு இடம்னு ஒண்ணு கெடையாது. அந்தக் கேள்வி சொல்லுக்குள்ளேருந்து பொறந்தது.

இப்படி முட்டுற கேள்விய தூக்கிப் போட்டுறாதீங்க, கண்ணால பாக்க முடியிற சின்னக் கேள்வியா மாத்துங்க. "பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டா"ங்குறத "ராத்திரி ஏன் இருட்டா இருக்கு"ன்னு மாத்துங்க. விளையாட்டுக்கு சொல்லல, 1823லயே ஓல்பர்ஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இத எழுதிருக்காரு. நட்சத்திரங்க முடிவே இல்லாம எப்பவும் இருந்துட்டே இருந்தா எந்தப் பக்கம் பாத்தாலும் பார்வை ஏதாவது ஒரு நட்சத்திரத்துல போய் முட்டணும், ராத்திரி வானம் பூரா சூரியன் மாதிரி ஜொலிக்கணும். அப்படி இல்லங்குறதுக்கு பெரிய காரணம் பிரபஞ்சத்துக்கு வயசு இருக்கு, ஏறக்குறைய 1380 கோடி வருஷம், ரொம்ப தூரத்து வெளிச்சம் இன்னும் நம்மகிட்ட வந்து சேரல. ஆதியில இருந்த வெளிச்சமும் இடம் விரிய விரிய இழுபட்டு மைக்ரோவேவ் அலையா ஆகி கண்ணுக்குத் தெரியாம போச்சு, 1965ல தான் அத கண்டுபுடிச்சதா அறிவிச்சாங்க. லைட்டு மின்னுற நம்ம ஊர்லயும் ராத்திரி பிளாக்கு மேல அண்ணாந்து பாத்தா அந்த இருட்டு தெரியுது.

கடைசியா கேட்டவங்ககிட்ட பதில கொண்டுபோய் சொல்லுங்க, சொல்லும்போது தான் எங்க ஓட்டைன்னு தெரியும். நான் மகளுக்கு நோனா கதைய சொல்லிட்டு, நவம்பர்லயும் அதே ஒம்பது தான் ஒளிஞ்சிருக்குன்னு சொன்னேன். "ஆனா நவம்பர் பதினொண்ணாவது மாசம்ப்பா"ன்னா. இத நான் இங்க அவுத்துச் சொல்லல, நீங்க போங்க. செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் மூணையும் பக்கத்துல எழுதி, எந்த மாசத்த ஒண்ணுன்னு வச்சா நாலு பேரும் சரியா எடத்துல உக்காருதுன்னு விரல் விட்டு பாருங்க.