வீட்டைக் காலி செய்யச் சொல்லுமுன்: நோட்டீஸிலேயே கோட்டை விடுவது எப்படி?

சாமானைத் தூக்கித் தெருவில் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

பழைய சட்டம்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் 2017ஆம் ஆண்டுச் சட்டம் (வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவது) நடப்பில் இருக்கிறது. பழைய பிரிவைப் போட்டு நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

பதினோரு மாத அக்ரிமென்ட்

பதினோரு மாதம்தானே, பதிவு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், இந்தச் சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முத்திரைத்தாள் பீரோவில் தூங்கினால் போதாது.

வாடகை பாக்கி நோட்டீஸ்

எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். 2017 சட்டத்தின் பிரிவு 21(2)(b)-இன்படி, இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, கேட்டு நோட்டீஸ் சேர்ந்த பின் ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுதும் கட்டாவிட்டால்தான் காலி செய்யக் கேட்டு மனு. நாள் எண்ண வேண்டியது நோட்டீஸ் அடித்த தேதியிலிருந்து அல்ல, கையில் சேர்ந்த தேதியிலிருந்து. பலர் இருபதாம் நாளே வாடகை நீதிமன்றத்துக்குப் போய் நிற்கிறார்கள்.

அடுத்தது தொகை. "மொத்த பாக்கி 42,500" என்று ஒற்றை வரி. உள்ளே பார்த்தால் இரண்டு மாத வாடகை 24,000. மீதி பெயின்ட் செலவும், வாடகைதாரர் ஒப்புக்கொள்ளாத உயர்வும். அவர் 24,000-ஐயும் வட்டியையும் கட்டிவிட்டால் உங்கள் காரணமே காலி. எந்த மாதம், எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பி நீல டிக்கைக் காட்டுவதும் உதவாது. சொத்து மாற்றுச் சட்டம் 106(4) சொல்லும் வழி: எழுத்தில், கையெழுத்தோடு, தபாலில் அல்லது நேரில், வாடகைதாரரின் வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ தரலாம். எதுவும் முடியாதபோதுதான் கதவில் ஒட்டுவது. ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இடையில் வாடகைதாரரிடமிருந்து ஒரு பேச்சு வரும்: "அட்வான்ஸில கழிச்சுக்கோங்க சார்." நீங்களும் "சரி, பாப்போம்" என்று பதில் போடுவீர்கள். அந்த "சரி"யை அச்செடுத்து, பாக்கியே இல்லை என்று எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும்.

ஒருமுறை கட்டித் தப்பியவர், பிறகு ஒரே ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் அப்படிக் கட்டித் தப்பும் சலுகை திரும்பக் கிடையாது. ஆகவே முதல் நோட்டீஸின் நகலையும் அவர் பணம் கட்டிய ரசீதையும் கிழித்துப் போடாதீர்கள்.

தண்ணீர், கரண்ட்

தொடாதீர்கள். இவற்றை நிறுத்தக்கூடாது என்கிறது அதே 2017 சட்டத்தின் பிரிவு 20.

சிவில் கோர்ட்

இடம் அதுவல்ல, மனு வாடகை நீதிமன்றத்தில்.