ஒரே ஊர் இரண்டு வரியில் வந்தது: என் அனுபவம்

மட்டக்களப்பில் ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்காகப் பைதான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல். வேறொருவர் எழுதி என் கைக்கு வந்தது. மாத அறிக்கையில் கொக்கட்டிச்சோலை மட்டும் இரண்டு வரியாக வந்து, மூட்டைக் கணக்குப் பிரிந்து நின்றது. மண்டூர், ஏறாவூர், வெல்லாவெளி எல்லாம் சரி.

பெயரின் முன்பின் இடைவெளிகளை வெட்டிப் பார்த்தேன். எழுத்துருவை மாற்றினேன். பட்டியலைத் திரும்ப ஏற்றினேன். நாட்கள்தான் போயின. நிரலைப் படிப்பதே பெரும்பாடு: 'எக்ஸ்', 'டெம்ப்2' என்ற பெயர்களில் ஊர் ஒப்பீடு இடத்துக்கிடம் சிதறிக் கிடந்தது.

கடைசியில் இரண்டு பெயரின் நீளத்தையும், அதாவது ஒவ்வொன்றிலும் எத்தனை குறியீடுகள் என்பதை, அச்சிட்டேன். ஒன்று 15, மற்றது 17! கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் முறையான யூனிகோடில் 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். 'சோ'வும் அப்படித்தான். அந்தக் குறிகள் இல்லாத ஊர்கள் தப்பியது அதனால்தான்.

பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ், 'என்எஃப்சி' (பிரிந்த குறிகளைச் சேர்த்து வைக்கும் வடிவம்) என்று கொடுத்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதை ஒப்பிடும் இடமெல்லாம் ஒட்டவில்லை. 'ஊர்ப்பெயரைச்_சீராக்கு' என்று ஒரு செயற்கூறு (பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரல் பகுதி) எழுதி, தரவு உள்ளே வரும் இடத்தில் ஒரே தடவை அழைத்தேன். பைதான் 3 தமிழ்ப் பெயரை ஏற்கும். என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரிகிறது. ஏன் தேவை என்பதை மட்டும் 15, 17 உதாரணத்தோடு அந்தச் செயற்கூறுக்கு மேலே குறிப்பாக எழுதினேன். பழைய பதிவுகளையும் அதன் வழியே விட்டதும் கணக்கு ஒரே வரிக்கு வந்தது. அப்பாடா!

ஒன்று கவனம்: 'கௌ'வை 'கெ', 'ள' என்று யாராவது தட்டியிருந்தால் இது சேர்க்காது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.