நான்கு வண்ணத்தில் முகம் வரைகிறீர்களா? இவற்றைச் செய்யாதீர்கள்

மூக்கு கோணுவதும் பிரஷைக் கழுவாமல் அடுத்த வண்ணத்தில் முக்குவதும் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதும், ஒரு காலத்தில் நானே செய்ததும் வேறு.

வண்ணங்கள், ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் தொகுப்பு: வெள்ளை, எல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), வெர்மிலியன் (சிவப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு). வெர்மிலியன் இடத்தில் இன்று பலர் காட்மியம் ரெட் லைட் வைத்துக்கொள்கிறார்கள்.

நிழலில் வெள்ளையைக் கலப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மாணவி முதியவர் முகம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். ஒளிப் பக்கம் அகலத் தீற்றல்கள். நிழல் பக்கம் கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரே திட்டு. முகம் வந்துவிட்டது, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி, அதாவது எதிரொளி, தாடைக்கு அடியில் தெரிகிறதென்று டைட்டானியம் வெள்ளையைத் தொட்டார். தாடை சாம்பல் பூசியதுபோல் ஆனது. அதைச் சரிக்கட்டக் கன்னத்தில் கொஞ்சம், கன்னத்துக்காகக் கழுத்தில் கொஞ்சம். கடைசியில் முழுமுகத்தையும் கத்தியால் சுரண்டி எடுத்தோம்.

டைட்டானியம் வெள்ளை ஒளி புகாதது, வீரியமும் அதிகம். துளி பட்டாலே கலவை வெளுத்து, நிறத்தின் சூடும் (சிவப்பு, மஞ்சள் சாயல்) இறங்கிவிடும். இப்படிச் சில திட்டுகளாக எளிமையாக்கிய முகத்தில் இமை, சுருக்கம் எதுவும் இல்லை. ஒளித்திட்டும் நிழல்திட்டும் பிரிந்து நிற்பதை நம்பித்தான் ஆள் அடையாளமே இருக்கிறது. எதிரொளி வேண்டுமென்றால் ஆக்கரையோ சிவப்பையோ கூட்டுங்கள். ஒளிப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட அது இருண்டே இருக்க வேண்டும். கண்ணை இடுக்கிப் பார்க்கையில் நிழலோடு கரைந்துவிட்டால் சரி. நிழலுக்கென்று தனி பிரஷ் வையுங்கள். அது வெள்ளைப் பக்கமே போகக் கூடாது.

நீல ட்யூபைத் திறப்பது

கறுப்பில் வெள்ளை கலந்து, ஆரஞ்சுக் கன்னத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீலமாகத்தான் தெரியும். ஆக்கரும் கறுப்பும் சேர்ந்தால் மங்கிய பச்சை கிடைக்கும். சட்டை பளிச்சென்ற நீலமா? அதையும் சாம்பலாக்கிவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்!

சின்ன பிரஷ்

தொடாதீர்கள்.

கண்ணிலிருந்து தொடங்குவது

முதலில் கண்குழியின் நிழல். விழி கடைசியில்தான், சில முகங்களுக்கு அதுவும் தேவைப்படாது.

கலவையைக் கிள்ளிக் கிள்ளிக் கலப்பது

ஒளி, இடைநிறம், நிழல் மூன்றையும் தொடங்கும் முன்பே தாராளமாகக் கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்த தோல்நிறத்தை மறுபடி அதேபோல் கலப்பது பெரும்பாடு.