வரைபடம் பச்சையாக இருந்தால் போதுமா? கருக்கலைப்புச் சட்டங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருக்கலைப்புச் சட்டம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் உலக வரைபடத்தை நீட்டிவிடுவார். அனுமதிக்கும் நாடுகளுக்குப் பச்சை, தடை செய்த நாடுகளுக்குச் சிவப்பு, நிபந்தனையோடு அனுமதிப்பவற்றுக்கு நடுவே நாலைந்து நிறங்கள். நானும் வெகுநாள் அதை நம்பித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் பிழை ஒன்றும் இல்லை. சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சரியாகவே காட்டுகிறது. ஒரு பெண் எங்கே போவாள், போனால் காரியம் நடக்குமா என்பதுதான் அதில் இல்லை.

கனடாவைப் பாருங்கள். 1988-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பைக் குற்றமாக்கிய பிரிவைச் செல்லாது என்றது. அதன்பின் அதைத் தண்டிக்கும் சட்டமே அங்கு இல்லை. வரைபடத்தில் அடர்பச்சை. ஆனால் அதே நாட்டின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 2017 தொடக்கம் வரை எந்த மருத்துவமனையும் இந்தச் சேவையைத் தரவில்லை. தேவைப்பட்டவர்கள் தீவை விட்டு வேறு மாகாணத்துக்குப் போனார்கள். பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்து கதையும் இப்படித்தான். 2019 அக்டோபரில் அங்கே கருக்கலைப்பு குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது, 2020-இல் விதிகளும் வந்துவிட்டன. ஆனால் சேவையை ஏற்பாடு செய்து பணம் ஒதுக்க வேண்டிய துறை அசையவில்லை. 2022 டிசம்பரில் லண்டனிலிருந்து அமைச்சர் நேரடியாக உத்தரவு போட வேண்டியதாயிற்று. ‘சட்டம் வந்துவிட்டது’ என்ற செய்தியைப் படித்ததும், சரி, யார் செய்து தரப் போகிறார்கள், எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்று கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு வாரக் கணக்கில் நடக்கிறது. இதில் படித்தவர்களும் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘ஆறு வாரம் வரை அனுமதி’ என்று கேட்டதும், கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து ஒன்றரை மாதம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். மருத்துவக் கணக்கு வேறு. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். முதல் இரண்டு வாரத்தில் கருவே உண்டாகியிருக்காது. இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்கு ‘நாள் தள்ளிப்போயிருக்கிறதே’ என்று சந்தேகம் வரும்போதே நான்கு வாரம் கணக்காகிவிடும். மிச்சம் இரண்டு வாரம். அதற்குள் பரிசோதனை செய்து, யோசித்து, பணம் புரட்டி, விடுப்பு சொல்லி, மருத்துவரைப் பிடிக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் இருக்காது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், கருவின் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டால் கூடாது என்றது. கிட்டத்தட்ட இதே ஆறு வார எல்லைதான். அதை அமல்படுத்தும் பொறுப்பையும் அரசு தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. உதவி செய்தவர் மீது எந்தத் தனிமனிதரும் வழக்குப் போடலாம், வென்றால் குறைந்தது 10,000 டாலர். மருத்துவமனைகள் கதவைச் சாத்த அந்தப் பயமே போதுமானதாக இருந்தது.

அப்புறம், ‘சின்ன நிபந்தனைதானே’ என்று தாண்டிப் போவது. ஜாம்பியாவில் 1972 முதல் கருக்கலைப்புக்கு இடம் உண்டு. படித்தால் தாராளமான சட்டமாகத்தான் தெரியும். ஆனால் வழக்கமான நேரங்களில் மூன்று மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். மருத்துவர் தட்டுப்பாடு உள்ள நாட்டில், கிராமத்தில் இருக்கும் பெண் மூன்று பேருக்கு எங்கே போவாள்? வட அயர்லாந்துக்குப் பக்கத்தில் தனி நாடாக இருக்கும் அயர்லாந்தில் 2019 முதல் 12 வாரம் வரை காரணம் கேட்காமல் செய்யலாம், ஆனால் இடையில் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். மருத்துவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் அது மூன்று நாள்தான். தொலைவில் இருந்தால் இரண்டு பயணம், இரண்டு விடுப்பு, இரண்டு பொய். கட்டாயக் காத்திருப்பு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 வழிகாட்டுதலில் சொல்லியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டே என்று நிம்மதியடைவது எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே ஆபத்தான தவறு. அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 1992-இலேயே அந்த விலக்கை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் எது ஆபத்து, எவ்வளவு ஆபத்து, யார் முடிவு செய்வது என்று சொல்லும் சட்டத்தை அடுத்த இருபது ஆண்டுகளில் யாரும் இயற்றவில்லை. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பிணியான சவிதா ஹலப்பனவருக்குக் கரு தங்காது என்று தெரிந்த பிறகும், அதன் இதயம் துடிக்கிறது என்பதால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. நோய்த்தொற்று முற்றி அவர் இறந்தார். 2013-இல்தான் சட்டம் வந்தது. தவறினால் சிறை என்று இருக்கும்போது மருத்துவர் முதலில் பார்ப்பது வழக்கறிஞர் முகத்தைத்தான்.

சட்டம் கேட்காததையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார் என்பதையும் மறந்துவிடுகிறோம். இந்தியச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும். ஆனாலும் ‘கணவர் வந்து கையெழுத்துப் போடட்டும்’ என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. மணமாகாத பெண்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்ததே, அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. இத்தாலியில் தடை வேறு உருவில் வருகிறது. மனசாட்சியின் பேரில் மறுக்கும் உரிமையை 1978 சட்டமே மருத்துவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. பத்தில் ஆறு ஏழு மகப்பேறு மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒருவரின் நம்பிக்கை. ஒரு மருத்துவமனையில் எல்லோரும் மறுத்தால் அந்த ஊருக்கு அதுவே சட்டம்.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கையில் காசில்லாதவருக்கு உரிமை இருந்து பயனில்லை என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2009-இல் பார்த்தது, அரசே செலவை ஏற்கும் வழியைச் செய்யச் சொன்னது.

கடைசியாக எண்ணிக்கை. தடை போட்டால் கருக்கலைப்பு நின்றுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ருமேனியா பதில் வைத்திருக்கிறது. 1966-இல் அங்கே தடை வந்தது. மறைவாகச் செய்துகொண்டு பெண்கள் செத்தார்கள். 1989 இறுதியில் தடை நீங்கியதும் ஒரே ஆண்டில் பேறுகாலத்தில் தாய்மார்கள் இறக்கும் விகிதம் ஏறக்குறைய பாதியானது. இதன் மறுபக்கமாக அயர்லாந்தின் அரசுப் புள்ளிவிவரத்தைச் சிலர் காட்டுவார்கள்: 2016-இல் 25, புதிய சட்டம் வந்த 2019-இல் 6,666. ‘பார்த்தீர்களா, எப்படிப் பெருகிவிட்டது!’ என்பார்கள். அதே 2016-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்தவர்கள் மட்டும் 3,265 பேர். அவர்கள் இங்கிலாந்தின் கணக்கில் சேர்ந்தார்கள். தபாலில் மாத்திரை வரவழைத்து வீட்டிலேயே விழுங்கியவர்கள் எந்த நாட்டின் கணக்கிலும் இல்லை.