தலையை எண்ணினால் போதாது: பன்முகத்தன்மையைத் திரையில் காட்டும்போது நடக்கும் தவறுகள்

கதையில் ஒரு பெண், ஒரு மாற்றுத்திறனாளி, ஒரு சிறுபான்மையினர் என்று சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என நினைப்பவர்கள் அதிகம். 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு காமிக்ஸில் பாதி நக்கலாக வந்தது பெக்டெல் சோதனை: இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், தங்களுக்குள் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ஒரு பெண்ணே பெரும்பாலும் தனியாளாகத் தாங்கிப்பிடிக்கும் 'கிராவிட்டி' (2013) இதில் தேறாது! எண்ணிக்கை வீண் என்று சொல்லவில்லை. ஒரு பாத்திரத்தை எடுத்துவிட்டால் கதை தடுமாறுமா என்பதை எண்ணிக்கை காட்டாது, அவ்வளவுதான்.

அடுத்தது, புனிதராக்குவது. நாயகனுக்கு ஞானம் சொல்லிவிட்டுச் செத்துப்போகும் பார்வையற்றவரை எத்தனை முறை பார்த்தாயிற்று! அவருக்குப் பொறாமை வராது, மொக்கை ஜோக்கும் அடிக்கமாட்டார்.

பலர் கவனிக்காதது கேமராவை. காது கேளாதவர் சைகை மொழியில் பேசும்போது முகத்துக்கு மட்டும் குளோசப் வைத்தால் வசனமே வெட்டுப்பட்டுவிடும். கையும் முகமும் சேர்ந்துதான் அங்கே வாக்கியம். எடிட்டிங்கிலும் இதே சிக்கல். குரல் என்றால், கேட்பவர் முகத்துக்குக் காட்சி மாறினாலும் வசனம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சைகையில் அது முடியாது. படம் எடுத்து முடித்த பிறகு சைகை மொழி தெரிந்த ஆலோசகரைக் கூப்பிட்டால் அவர் என்னதான் செய்வார்? திரைக்கதை, ஷாட் பிரிக்கும் கட்டத்திலேயே அவர் உடன் இருக்க வேண்டும்.

"பொருத்தமான நடிகர் கிடைக்கவில்லை" என்பது பழைய சாக்கு. சீன விவசாயக் குடும்பத்தின் கதையான 'தி குட் எர்த்' (1937) படத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்தபோது சீன வம்சாவளி நட்சத்திரம் அன்னா மே வாங் ஹாலிவுட்டிலேயே இருந்தார். நாயகி வேடமோ ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கரும் அவருக்கே. நாயகனாக வெள்ளையர் நடித்ததும், கலப்பின உறவைத் திரையில் தடுத்த அன்றைய தணிக்கை விதியும் சேர்ந்து வாங்குக்கு வழியடைத்தன.

சரி, இதனால் என்ன விளைவு? "படம்தானே" என்பவர்கள் 1915ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படம், அமெரிக்கக் கறுப்பினத்தவர் மீது வன்முறை ஏவிய வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானை வீரர்களாகக் காட்டியது. அந்த அமைப்பு அதே ஆண்டில் மறுபிறப்பெடுத்தது, பிறகு ஆள் சேர்க்கவும் அந்தப் படத்தையே பயன்படுத்தியது. அதற்காக ஒரு நல்ல படம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. ஒரு கூட்டத்தாரோடு நேரில் பழக்கமில்லாதவர் மனத்தில், திரும்பத் திரும்பப் பார்த்த சாயல்தான் தங்குகிறது. நூறு படங்களில் திருடனாக வந்தவர் நூற்றியொன்றாவதில் நீதிபதியாக வந்தால், அவரை விதிவிலக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள்.