கோட்டு சூட்டு போட்டால் ஸ்விங் வந்துவிடாது

2001 அக்டோபர் 10 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராபி வில்லியம்ஸ் நடத்திய கச்சேரியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது அவருடைய சூட்டைத்தான். 'டேக் தட்' குழுவிலிருந்து 1995இல் வெளியேறி, தனி ஆளாக ஸ்டேடியங்களை நிரப்பிக்கொண்டிருந்த பாப் பாடகர் அவர். அந்த ஓர் இரவு மட்டும் பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், பாபி டாரின் பாடிப் புகழ்பெற்ற பழைய பாட்டுகளை, பெரும்பாலும் ஸ்விங் என்னும் அமெரிக்க ஜாஸ் நடையில், பாடினார். அடுத்த மாதமே 'ஸ்விங் வென் யூ ஆர் வின்னிங்' ஆல்பம் வந்தது. கச்சேரியின் டிவிடியும் அந்த ஆண்டுக்குள் கடைக்கு வந்துவிட்டது.

மறு ஆண்டே ராட் ஸ்டீவர்ட் இதே வகைப் பாட்டுகளுக்கு வந்து, ஆல்பத்தின் மேல் ஆல்பமாகப் போட்டார். அதன் பிறகு, பாப் பாடகர் ஒருவருக்கு நாற்பது வயது நெருங்கினால் ஒரு 'ஸ்டாண்டர்ட்ஸ்' (பலரும் திரும்பத் திரும்பப் பாடும் பழைய பாட்டுகள்) கச்சேரி என்பது சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அவற்றில் பாதி காதில் நிற்பதில்லை. குரல் நன்றாகத்தான் இருக்கும், பேண்டும் நன்றாகத்தான் வாசிக்கும், ஆனாலும் எங்கோ ஒட்டாது. ஒட்டாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பாடப் போகிறவர்களுக்கும், உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் அவற்றைச் சொல்லி வைக்கலாம்.

தாளத்தை நேராக வெட்டுவது

தலையாய தவறு இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

பாப், ராக் பாட்டுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு எண்ணிக்கையும் சரிபாதியாகப் பிரியும். ஸ்விங்கில் முதல் பாதி நீளும், இரண்டாம் பாதி சுருங்கும். நம் காதுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால் திஸ்ர நடையை எடுத்துக்கொள்ளுங்கள். 'தகிட, தகிட' என்று சொல்லிக்கொண்டே போய், 'த'வை இழுத்துப் பிடித்து, 'கி'யை வாய்க்குள் விழுங்கி, 'ட'வை மட்டும் லேசாகத் தொடுங்கள். 'தா..ட, தா..ட' என்று வருகிறதல்லவா, கிட்டத்தட்ட அதுதான் ஸ்விங். கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பாட்டு மெதுவாகப் போனால் அந்த ஏற்றத்தாழ்வு கூடும், வேகம் கூடக் கூட இரண்டு பாதியும் சமத்தை நோக்கி நகரும். கணக்குப் போட்டு எழுத முடியாது, பக்கத்தில் வாசிக்கிறவரைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

பாப் பாடகர் இருபது வருடம் நேர்த்தாளத்தில் பாடிவிட்டு வருகிறார். அவருடைய டிரம்மர் ஸ்விங் வாசித்துக்கொண்டிருப்பார், இவர் வார்த்தைகளை நேராக அடுக்கிக்கொண்டிருப்பார். இரண்டும் உரசும். என்ன பிசகு என்று சபைக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கால் மட்டும் ஆடாது.

சபை செய்யும் தவறும் இங்கேதான் வருகிறது. சமத்தில் தட்டிப் பழகிய கை, நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் விழும். ஸ்விங்கில் டிரம்மரின் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) மூடுவது இரண்டிலும் நான்கிலும். கைதட்டலும் அங்கேதான் விழ வேண்டும். அமெரிக்க ஜாஸ் பாடகர் ஹாரி கானிக் ஜூனியர் பிரான்சில் ஒருமுறை பியானோ வாசித்துப் பாடிக்கொண்டிருந்தபோது சபை முழுக்க ஒன்று, மூன்றில் தட்டிக்கொண்டிருந்தது. மனிதர் நிறுத்தவில்லை, முறைக்கவும் இல்லை. பியானோவில் ஒரே ஒரு எண்ணிக்கையைக் கூடுதலாகச் செருகினார். தட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் கை இரண்டு, நான்குக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்த டிரம்மர் விஷயம் புரிந்து கையைத் தூக்கிவிட்டார். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள், ஸ்விங் பற்றி இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

பின்தங்குவதும் தொங்குவதும் ஒன்றல்ல

சினாட்ரா தாளத்துக்குச் சற்றுப் பின்னால் பாடுவார். இதைக் கேட்டுவிட்டு 'சாவகாசமாகப் பாட வேண்டும் போல' என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அவர் ஒரு வரியைத் தாமதமாக எடுப்பார், வரி முடிவதற்குள் எட்டிப் பிடித்துவிடுவார். அது நடக்கும்போது பேஸ் வாசிப்பவர் இம்மி நகர மாட்டார். பாடகர் தாமதிக்கிறாரே என்று பேண்டும் காத்திருக்க ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் பாட்டு படுத்துவிடும். ஒத்திகையில் பேஸ்காரரிடமும் டிரம்மரிடமும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், 'எனக்காக நிற்காதீர்கள்' என்பது.

மூச்சும் இதோடு சேர்ந்தது. 1940 முதல் 1942 வரை டாமி டோர்சி பேண்டில் பாடியபோது, டோர்சி டிராம்போனில் மூச்சு விடும் இடமே தெரியாமல் நீண்ட வரிகளை வாசிப்பதைப் பின்னாலிருந்து கவனித்துக் கற்றதாகச் சினாட்ரா சொல்லியிருக்கிறார். நுரையீரலுக்காக நீச்சல் பழகினார். அதன் பலன் என்னவென்றால், மெட்டு முடிகிற இடத்தில் மூச்செடுக்காமல், அர்த்தம் முடிகிற இடத்தில் எடுப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு என்று பாடுகிறவரிடம் அதே பாட்டு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போவது

'மேக் த நைஃப்' பாட்டை எடுத்துக்கொள்வோம். ராபியும் பாடினார், இவ்வகைக் கச்சேரிகளில் பலரும் பாடுகிறார்கள். 1928இல் பெர்லினில் குர்ட் வைல் இசையமைத்த நாடகப் பாட்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் வழியாக அமெரிக்காவில் பரவி, 1959இல் பாபி டாரின் குரலில் எங்கும் ஒலித்தது. டாரின் பதிவைக் கவனித்தால் ஒன்று தெரியும். மெட்டு மாறவே மாறாது. ஒரே சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. மாறுவது சுருதி. அரை அரை ஸ்வரமாக ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொரு படிக்கும் பேண்ட் கொஞ்சம் தடிக்கும். டாரின் ஆரம்பத்தில் கிட்டத்தட்டப் பேசுகிறார், பக்கத்தில் பேஸும் மெல்லிய டிரம்மும் மட்டும்.

பாப் மேடைப் பழக்கத்தில் வருகிறவர் முதல் வரியிலேயே முழுக் குரலையும் கொடுத்துவிடுவார். மூன்றாவது சுருதி ஏற்றத்தில் போக இடமிருக்காது. இன்னொன்று, இது கத்தி வைத்திருக்கும் ஒரு கொலைகாரனைப் பற்றிய பாட்டு. அவன் செய்த கொலைகளின் பட்டியல்தான் வரிகள். கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டே பாடினால் பாதி பாட்டு காணாமல் போகிறது. டாரின் சிரித்தாலும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் விஷம் இருக்கும்.

ராபியின் பாட்டு இங்கே டாரினுக்கு மிக அருகில் போய்விட்டது என்பது என் எண்ணம். நகல் நன்றாக இருக்கிறது, ஆனால் நகல். அவர் உண்மையில் ஜெயித்தது நகைச்சுவை ஜோடிப் பாட்டுகளில். நடிகர் ஜான் லொவிட்ஸ், நடிகை ஜேன் ஹாராக்ஸ், நண்பர் ஜோனதன் வில்க்ஸ் ஆகியோர் மேடைக்கு வந்தபோது சினாட்ராவின் நிழல் விலகி, அவருடைய சொந்த ஊரான ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டின் குறும்பு வெளியே வந்தது. விருந்தினரை அழைப்பதென்றால் இப்படி அழைக்க வேண்டும். குரல் வளத்தைவிட, பதிலுக்குப் பதில் பேசத் தெரிந்தவர் தேவை.

வரி மறந்துபோனால்? இதே பாட்டை 1960 பிப்ரவரியில் பெர்லினில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடியபோது நடுவில் வரிகள் மறந்துவிட்டன. மறந்துவிட்டதையே தாளத்தோடு பாட்டாக்கி, ஆம்ஸ்ட்ராங் குரலையும் போட்டுக்காட்டி முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி கிடைத்தது. வரிகளைக் காட்டும் பிராம்ப்டர் திரையைப் பார்த்துத் தப்பில்லாமல் படிக்கிற எத்தனையோ பேரை யாருக்கும் நினைவில்லை.

பேண்ட் பேசும்போது குறுக்கே பேசுவது

நெல்சன் ரிடில் 1956இல் சினாட்ராவுக்காக, எந்த வாத்தியம் எங்கே வாசிக்கும் என்று எழுதி அமைத்த 'ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' பதிவைக் கேளுங்கள். பாட்டு மெல்ல மெல்லக் கொதித்து உச்சம் தொடும் இடத்தில் சினாட்ரா இல்லவே இல்லை. மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன்தான் இருக்கிறது. அது வெடித்து அடங்கிய பிறகு பாடகர் திரும்ப வருகிறார். பாட்டின் உச்சியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை பாப் மேடையில் பழக்கமில்லை. அங்கே இடையிசை என்றால் சபையைப் பார்த்துக் 'கம் ஆன்' என்று கத்துவதற்கான நேரம். ஸ்விங் அமைப்பாளர் பாடகர் வாயை மூடும் இடத்தில்தான் பிராஸுக்கு (டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்களுக்கு) வேலை கொடுத்திருப்பார். அந்த இடைவெளியை நிரப்பினால் இரண்டும் கெடும்.

மைக்கும் அப்படித்தான். ராக் பாடகர் உதட்டோடு ஒட்டி வைத்துப் பழகியவர். இந்தப் பாட்டில் மெல்லிய வரிக்கு அருகே கொண்டுவந்து, பலத்த வரிக்கு விலக்க வேண்டும். பிராஸை மீறிக் கத்த வேண்டிய அவசியமே கிடையாது.

பழைய இசை நோட்டை அப்படியே வாங்கி வைப்பது

சினாட்ராவுக்கு எழுதிய அமைப்பு சினாட்ராவின் சுருதிக்கானது. அதை இரண்டு ஸ்வரம் ஏற்றிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். டிரம்பெட் ஏற்கனவே உச்சியில் இருக்கும், இன்னும் இரண்டு ஸ்வரம் மேலே போனால் கீச்சிடும். பெண் பாடகர்களுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம், முழுக்கத் திருப்பி எழுதத்தான் வேண்டும். லிண்டா ரான்ஸ்டாட் 1983இல் ராக், கன்ட்ரி பாட்டுகளிலிருந்து இந்தப் பக்கம் வந்தபோது செய்த காரியம் இதில் பாடம். அவர் நெல்சன் ரிடிலையே தேடிப் போய்த் தன் குரலுக்குப் புதிதாக எழுதவைத்தார். மூன்று ஆல்பங்கள் வந்தன, மூன்றாவது வெளியாகும் முன்பே, 1985இல், ரிடில் காலமானார். ரான்ஸ்டாட் அவற்றில் யாரையும் போலப் பாட முயலவில்லை. அதனால்தான் அவை இன்னும் கேட்கும்படி இருக்கின்றன.

ராபி குழுவும் இந்த விஷயத்தில் சோம்பவில்லை. ஆல்பத்தைப் பதிவு செய்தது ஹாலிவுட்டின் கேபிடல் ஸ்டுடியோவில், சினாட்ரா பாடிய அதே இடம். 'ஒன் ஃபார் மை பேபி'க்குப் பியானோ வாசித்தவர் சினாட்ராவின் நெடுநாள் பியானோக்காரர் பில் மில்லர். கைக்காசு போட்டு நடத்துகிறவருக்கு இதெல்லாம் கட்டாது. ஆனால் நல்ல பியானோக்காரர் ஒருவர், பேஸ், டிரம்ஸ், சாக்ஸ், டிரம்பெட் மாதிரி இரண்டு ஊது வாத்தியம் போதும். வயலின் கூட்டத்தைப் போலி செய்யும் மலிவான கீபோர்டைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

அரங்கத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 1871இல் திறந்த ஆல்பர்ட் ஹால் எதிரொலிக்குப் பேர் போனது. அதைக் குறைக்கத்தான் 1969இல் கூரையிலிருந்து காளான் மாதிரியான தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ஸ்விங் வளர்ந்தது நடன அரங்குகளிலும் இரவு விடுதிகளிலும். ஆள் சேரும் என்று பெரிய கூடத்தைப் பிடித்தால், சவுண்டுக்காரருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

பழசெல்லாம் ஸ்விங் என்று நினைப்பது

ஸ்விங் காலம் என்று சொல்லப்படுவது ஏறக்குறைய 1935 முதல் 1940களின் நடுப்பகுதி வரை. இந்தக் கச்சேரிகளில் வரும் பாட்டுகளோ எங்கிருந்தெல்லாமோ வருகின்றன. 'மிஸ்டர் போஜாங்கிள்ஸ்' 1968இல் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் என்ற நாட்டுப்புறப் பாணிப் பாடகர் எழுதியது. நியூ ஆர்லியன்ஸ் லாக்கப்பில் சந்தித்த ஒரு தெரு நடனக்காரரைப் பற்றியது, பலர் எழுதுவதுபோல நடனக் கலைஞர் பில் ராபின்சனைப் பற்றியது அல்ல. ராபியின் ஆல்பத்தில் அவரும் கை சேம்பர்ஸ் என்ற இசையமைப்பாளரும் எழுதிய புதுப் பாட்டும் ஒன்று உண்டு. 'சினாட்ரா பாட்டு' என்று சொல்வதும், நாம் 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்று சொல்வதும் ஒன்றுதான். எழுதியவர் கோல் போர்ட்டரா, ஹெரால்ட் ஆர்லனா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், நிகழ்ச்சிக் குறிப்பில் தப்பாக எழுதுவது குறையும்.

கடைசியாக, 'மை வே'. அது ஸ்விங்கே இல்லை. 1967இல் வந்த பிரெஞ்சுப் பாட்டின் மெட்டுக்கு பால் ஆங்கா புதிதாக ஆங்கில வரிகள் எழுத, 1969இல் சினாட்ரா குரலில் வெளியானது. வாழ்ந்து முடித்த மனிதர் திரும்பிப் பார்க்கும் பாட்டு. ஆல்பர்ட் ஹாலில் அதைப் பாடியபோது ராபிக்கு வயது 27. அவர் பாடினாரே என்று எல்லோரும் அதையே நிறைவுப் பாட்டாக வைக்கிறார்கள், கைகளை விரிக்கிறார்கள், டிரம்மர் சிம்பலை உருட்டுகிறார். இரண்டு மணி நேரம் ஸ்விங் வாசித்த பேண்ட் அந்த ஐந்து நிமிடம் சும்மா நீட்டி வாசித்துக்கொண்டிருக்கும். பாடியே தீர வேண்டுமானால் இடைவேளைக்கு முன்னால் பாடிவிடுங்கள். கடைசிக்கு வேகமான ஒன்றை வைத்து, சாக்ஸ், டிரம்பெட், டிராம்போன் எல்லோருக்கும் ஆளுக்கு எட்டு பார் (தாளச் சுற்று) கொடுத்து, பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு இறங்குங்கள்.