61-ஆம் நாள் காலையிலேயே ஜாமீன் மனு

கைதானவர் ரிமாண்ட் ஆன (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட) தேதியையும் ஒரு நாளாகச் சேர்த்து எண்ணுங்கள். 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், 61-ஆம் நாள் நீதிமன்றம் திறந்ததுமே டிஃபால்ட் ஜாமீன் (கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராததால் கிடைக்கும் ஜாமீன்) மனுவைப் போட்டுவிடுங்கள். (மரணம், ஆயுள், 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய வழக்கென்றால் 90 நாள்.)

பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3) பிரிவின்படி இது உரிமை. வழக்கு எவ்வளவு பலமானது என்று பார்த்து மறுக்க முடியாது. மனு முந்திவிட்டால், அன்று மாலையே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. 2020-இல் ரவீந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஆனால் ஜாமீன்தாரர்களை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள், அதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண்.

குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அப்புறம் வழக்கமான ஜாமீன்தான். உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கில் கெடு 180 நாள் வரை நீளலாம்; வணிக அளவு (சட்டம் வரையறுத்த பெரிய அளவு) போதைப்பொருள் வழக்கில் 180 நாள், சிலசமயம் ஓராண்டு வரையும் நீளும்.